சோழர் குலத்துப் பாட்டியார்

தஞ்சைப் பெரிய கோயிலின் முன் நின்று அண்ணாந்து நோக்கும் மாணவர் அனைவரும் இராசராசனை நினைக்கின்றனர். 1010-ஆம் ஆண்டில் நிறைவெய்திய அம்மாபெருங் கற்றளியை எழுப்பும் எண்ணம் அவன் உள்ளத்தில் எங்ஙனம் முளைத்தது? இக்கேள்விக்கு விடை தேடிச் செல்வோமாயின், வாளேந்தாத ஒரு மூதாட்டியின் முன் போய் நிற்போம். அவர்தாம் செம்பியன் மாதேவியார்.

மழவர் குலத்தில் தோன்றிச் சோழர் குலத்திற்கு மருமகளாய் வந்தவர் அவர். முதற் பராந்தகனின் மகனாகிய கண்டராதித்தர் அவருடைய கணவர். 949-இல் நிகழ்ந்த தக்கோலப் போரில் பட்டத்து இளவரசன் இராசாதித்தன் மாண்டான். சோழ நாடு குறுகியது. அத்தளர்ச்சிக் காலத்தில் அரசுபுரிந்த கண்டராதித்தர் சிவபத்தியில் திளைத்தவர். தில்லைக் கூத்தனை அவர் பாடிய திருவிசைப்பா இன்றும் ஒன்பதாந் திருமுறையில் விளங்குகின்றது.

957 அளவில் கண்டராதித்தர் மறைந்தார். மகன் அப்போது சிறு குழந்தை என்பர். எனவே ஆட்சி கணவரின் தம்பி அரிஞ்சயனுக்கும், பின்னர் அவன் மகன் சுந்தர சோழனுக்கும் சென்றது. சுந்தர சோழனின் மக்களே ஆதித்த கரிகாலன், குந்தவை, அருண்மொழி என்போர். அருண்மொழியே பின்னாளில் இராசராசன் எனப் பெயர் பெற்றான். இவர்களுக்குச் செம்பியன் மாதேவியார் பாட்டனாரின் தமையன் மனைவி. அதாவது பெரிய பாட்டி.

அக்குடும்பத்தின்மேல் துயரம் அடுத்தடுத்து வந்தது. ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். சுந்தர சோழன் இறந்தபோது, அவன் தேவி வானவன் மாதேவி இளங்குழவியையும் விட்டு அவனுடன் உயிர் நீத்தாள் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு கூறுகின்றது. தாயை இழந்த குந்தவையும் அருண்மொழியும் பெரிய பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தனர் என்பது வரலாற்றாசிரியர் பலர் கருத்து.

அரியணையோ அம்மையாரின் மகன் உத்தம சோழனுக்குக் கிடைத்தது. சிறிய தந்தைக்கு அரசின்மேல் விருப்பம் உள்ளவரை தான் அதனை விரும்பவில்லை என அருண்மொழி ஒதுங்கி நின்றதைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் போற்றுகின்றன. பட்டத்து உரிமையால் சிதறிய அரச குடும்பங்கள் உலகில் எத்தனையோ! இக்குடும்பம் சிதறவில்லை. அதற்கு அம்மையாரின் அன்பும் ஒரு காரணமாகும் எனக் கொள்வதில் தவறில்லை.

அவர் வாழ்நாட் பணி ஒன்றே. நாயன்மார் பாடிய தலங்களில் செங்கல்லால் அமைந்த கோயில்களைக் கருங்கற்றளிகளாக மாற்றினார். திருநல்லம் என்னும் கோனேரிராசபுரத்தில் கணவர் பெயரால் கோயில் எடுப்பித்து, அவர் இலிங்கத்தை வழிபடும் கோலத்தைக் கல்லில் வடிக்கச் செய்தார். திருமுதுகுன்றம், திருவாரூர் அரநெறி, தென்குரங்காடுதுறை முதலிய தலங்களும் அவர் திருப்பணி பெற்றன. அவர் எழுப்பிய கற்றளிகளின் தென்புற மாடங்களில் ஆடல்வல்லான் திருவுருவம் சிறப்பிடம் பெற்றது. திருக்கோடிகாவில் கோயிலைப் புதுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் பொறித்தனர். முன்னோர் ஈந்த அறம் தம் பணியால் மறைந்துவிடலாகாது என்னும் கருத்து எத்துணை உயர்ந்தது!

இப்பத்தி குடும்பத்தில் எங்ஙனம் வேரூன்றியது? அவர் பெயர் தாங்கிய செம்பியன் மாதேவி என்னும் ஊர்க் கோயிலில், அவர் பிறந்த கேட்டை நாளில் சிறப்பு வழிபாடு நிகழ உத்தம சோழனின் தேவியர் நிவந்தம் அளித்தனர். மருமக்கள் மாமியாரின் பிறந்தநாளைக் கொண்டாடிய செய்தி இது! 985-இல் இராசராசன் முடிசூடினான். மகனின் ஆட்சி முடிந்தபின்னும் அம்மையாரின் பெருமை குன்றவில்லை. அவனது பதினாறாம் ஆட்சியாண்டில், அதாவது 1001-இல், திருவக்கரையில் அவர் கற்றளி எடுப்பித்ததைக் கல்வெட்டு அறிவிக்கின்றது. உத்தம சோழனின் மகன் எனக் கருதப்படும் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசனுக்குப் பகைவனாகவில்லை. கோயில்களின் கணக்குகளையும் நிவந்தங்களையும் ஆராயும் அதிகாரியாய்ப் பணிபுரிந்தான். பாட்டனாரின் பெயரைத் தாங்கிய பேரன், பாட்டியாரின் தொண்டையே தன் கடமையாக ஏற்றான்.

குந்தவை தஞ்சைக் கோயிலுக்குச் செப்புத் திருமேனிகளை வழங்கினார். தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் அருகனுக்கும் கோயில் எழுப்பினார். இராசராசனின் மகன் இராசேந்திரனோ, 1019-இல் செம்பியன் மாதேவி ஊர்க் கோயிலில் தன் முப்பாட்டியாரின் திருவுருவத்தை நிறுவி வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்தான். கங்கை வரை படை செலுத்திய வேந்தன், படை நடத்தாத அம்மூதாட்டியை மறக்கவில்லை.

அம்மையார் அரியணையில் அமர்ந்து ஆண்டவரல்லர். ஆயினும் அரியணையின் பொருட்டுப் பிரிந்திருக்கக் கூடிய இரு கிளைகளும் ஒரே தொண்டில் கைகோத்து நின்றதைக் காண்கிறோம். மாணவர்களே, அடுத்த முறை ஒரு சோழர் கற்றளிக்குச் செல்லும்போது அதன் சுவர்களை ஊன்றிப் படியுங்கள். அங்கே அரசர்களின் வெற்றிகளோடு, ஒரு பாட்டியாரின் அன்பும் எழுதப்பட்டிருக்கும்.