பழைய காமிராவும் அதற்கேற்ற கார்டும்



அண்ணனோ சித்தப்பாவோ பயன்படுத்திப் பெட்டியில் வைத்த டிஜிட்டல் காமிரா சில வேளை உங்கள் கைக்கு வந்து சேரும். புதிய மெமரி கார்டு ஒன்றை வாங்கி அதனுள் செருகுவீர்கள். 'கார்டில் பிழை' என்று திரை அறிவிக்கும். காமிரா பழுதாகிவிட்டது என்று உடனே முடிவு கட்டுவோர் பலர். காமிராவில் பழுதில்லை, கார்டிலும் பழுதில்லை. அவை பிறந்த காலங்களே வேறு. ஆதலின் எந்தக் கார்டை வாங்குவது என்னும் வினாவுக்கு வரலாறே விடை கூற வல்லது.

மின்சாரம் நின்ற பின்னும் எழுதியதை மறவாத நினைவகத்தை ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1984-இல் உலகறியச் செய்தார். அதில் உள்ளவை நொடியில் அழிவது காமிராவின் ஒளிவீச்சை நினைவூட்டியதால் அதற்கு 'பிளாஷ்' என்னும் பெயர் வாய்த்தது என்பர்.

அதன்பின் நிறுவனங்கள் தத்தம் வழியே சென்றன. 1994-இல் சான்டிஸ்க் நிறுவனம் காம்பேக்ட் பிளாஷ் கார்டை வெளியிட்டது. 1995-இல் தோஷிபாவின் ஸ்மார்ட் மீடியா வந்தது. முன்னதில் நினைவகத்தை ஆளும் கட்டுப்பாட்டுச் சில்லு கார்டினுள்ளேயே இருந்தது. பின்னதில் அச்சில்லு இல்லை. அவ்வேலை முழுவதும் காமிராவின் பொறுப்பாயிற்று. ஆகவே காமிரா அறிந்த அளவுக்கு மேற்பட்ட ஸ்மார்ட் மீடியா கார்டு அதற்குப் பயன்படாது. அவ்வகையின் உச்ச அளவே 128 மெகாபைட்டுதான். 5 வோல்ட், 3.3 வோல்ட் என இரு வகையும் அதில் உண்டு. மூலை வெட்டு எப்பக்கம் உள்ளது என்பதைக் கொண்டு அவற்றைப் பிரித்தறியலாம்.

1998-இல் சோனியின் மெமரி ஸ்டிக்கும், 2002-இல் ஒலிம்பஸ், ஃபியூஜிஃபிலிம் நிறுவனங்களின் எக்ஸ்.டி. கார்டும் வந்தன. இவற்றுக்கிடையே 1999-இல் மட்சுஷிடா, சான்டிஸ்க், தோஷிபா ஆகிய மூன்றும் கூடி அறிவித்த எஸ்.டி. கார்டே நாளடைவில் வென்றது. ஆயினும் அக்கார்டுக்குள்ளும் தலைமுறைகள் உண்டு. முதல் தலைமுறை 2 கிகாபைட் வரை; 2006-இல் வந்த எஸ்.டி.எச்.சி. 32 கிகாபைட் வரை. 2009-இல் அறிவிக்கப்பட்ட எஸ்.டி.எக்ஸ்.சி. அதற்கும் மேல்.

மூன்றும் ஒரே வடிவின. ஒரே துளையில் நுழைவன. பின் ஏன் பழைய காமிரா புதியதை ஏற்பதில்லை? ஒரு பள்ளியில் மாணவர் ஒவ்வொருவருக்கும் தனி எண் இருப்பதாகக் கொள்வோம். மாணவர் தொகை பெருகியதும் ஏட்டில் எண்கள் போதவில்லை. அப்போது மாணவரை விடுத்து வகுப்புகளுக்கு எண் இடுகிறார்கள். முதல் தலைமுறைக் கார்டு ஒவ்வொரு பைட்டையும் தனித்தனியே எண்ணிற்று; எஸ்.டி.எச்.சி. கார்டு 512 பைட்டுகளை ஒரு வகுப்பாக்கி எண்ணிற்று. பழைய காமிரா ஆயிரமாவது மாணவனைக் கேட்கிறது. புதிய கார்டு அறிந்ததோ ஆயிரமாவது வகுப்பு! புதிய கார்டை எத்தனை முறை ஃபார்மேட் செய்தாலும் இவ்வேறுபாடு மறையாது.

'விரலுக்குத் தகுந்த வீக்கம்' என்பது நம் முதுமொழி. முதலில் காமிராவின் கையேட்டைப் பாருங்கள். கையேடு இல்லையெனில் கார்டு செருகும் இடத்திலுள்ள குறியை நோக்குங்கள். வெறும் எஸ்.டி. என்றிருந்தால் 2 கிகாபைட்டுக்கு மேற்படாத கார்டே தக்கது. மிகப் பழையனவற்றுக்கு அதனினும் சிறியது வேண்டியிருக்கும். புதிய கருவி பழைய கார்டைப் படிக்கும். பழைய கருவி புதிய கார்டைப் படிக்காது. கையடக்கக் கணினிக்கும் கார்டு ரீடருக்கும் இவ்விதியே. சிறிய மைக்ரோ எஸ்.டி. கார்டை உறையிலிட்டுச் செருகினாலும் தலைமுறை மாறுவதில்லை. அளவு சிறிதென்று வருந்த வேண்டா. இரண்டு மெகாபிக்சல் படம் ஏறத்தாழ ஒரு மெகாபைட் இடமே கொள்ளும். 512 மெகாபைட் கார்டில் சில நூறு படங்கள் அடங்கும்.

இறுதியாக ஒன்று. காமிராவுடன் பழைய கார்டும் கிடைத்தால், அதை ஃபார்மேட் செய்யுமுன் உள்ளே இருப்பதைப் பாருங்கள். நான் பணியாற்றிய பள்ளியின் ஆண்டு விழாப் படங்கள் அடங்கிய எக்ஸ்.டி. கார்டு ஒன்றைப் பழைய மாணவர் ஒருவர் என்னிடம் கொணர்ந்தார். அதைப் படிக்கும் ரீடரைத் தேடிக் கண்டுபிடிக்கப் பல வாரங்கள் ஆயின. திரையில் தோன்றிய முகங்களுள் சிலர் இன்று நம்மிடையே இல்லை. அவ்வகைக் கார்டுகள் இப்போது செய்யப்படுவதில்லை. அவற்றைப் படிக்கும் கருவிகளும் அருகி வருகின்றன. கார்டில் தங்கிய மின்னூட்டமும் ஆண்டுகள் பல சென்றால் மெல்லக் கசியும். ஆகவே முதலில் படங்களைக் கணினியிலும் வேறோர் இடத்திலும் படியெடுத்து வையுங்கள். புதுக் கார்டு வாங்குவதைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்.