கேட்கப்படாத ஒரு பியானோப் பாடல்

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1968இல் இலண்டன் டிரைடென்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் பியானோவை முதன்மையாகக் கொண்ட இரு பாடல்களைப் பதிவுசெய்தார்: கோடையில் ‘ஹே ஜூட்’, அக்டோபரில் ‘மார்த்தா மை டியர்’. பியானோ மதுக்கூடங்களில் முன்னதை ஓயாமல் கேட்கிறார்கள். பின்னதை விரும்பிக் கேட்போர் அரியர்.

தரம் இதற்குக் காரணமன்று. ‘ஹே ஜூட்’டின் நெடிய இறுதிப்பகுதி கூட்டம் முழுவதையும் பாடவைத்துவிடும். ‘மார்த்தா’வில் அப்படிச் சேர்ந்து பாட ஏதுமில்லை, சுமையெல்லாம் வாசிப்பவரின் இரு கைகளிலும் விழுகிறது. விரல் பயிற்சியாகத் தொடங்கிய மெட்டு அது என்று மெக்கார்ட்னியே கூறியுள்ளார். (பெயரோ, அவர் வளர்த்த நாயினுடையது!)

இப்பாடல் இடம்பெற்ற ‘வெள்ளைத் தொகுப்’பின் 30 உருப்படிகளுள் பல ரிஷிகேசத்தில் கிதாரோடு பிறந்தவை. மெக்கார்ட்னியின் பியானோ வந்த வழி வேறு. அவர் தந்தை ஜிம் லிவர்பூலில் ஜாஸ் குழு நடத்தியவர். செவிவழியே பியானோ கற்று, வீட்டில் உற்றார் சூழ வாசித்தவர். ராக் இசையின் வரலாற்றை மின்கிதாரின் வரலாறாக மட்டும் எழுதும்போது விடுபடுவது இந்த வீட்டுக்கூடத்து மரபே. அந்தப் பியானோ வாங்கப்பட்ட கடையும், பின்னாளில் பீட்டில்ஸின் மேலாளரான பிரையன் எப்ஸ்டைனின் குடும்பத்துக்குரியது.