ஃபெர்டினாண்ட் கோன்

ஃபெர்டினாண்ட் யூலியஸ் கோன் (ஜனவரி 24, 1828 – ஜூன் 25, 1898) ஒரு ஜெர்மானியத் தாவரவியல் அறிஞர் ஆவார். பாக்டீரியாவியலை நிறுவியவர்களுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். பாசிகளின் வாழ்க்கைச் சுழற்சியை ஆராய்ந்த முறையையே பாக்டீரியாக்களை ஆராயவும் கையாண்டார். ஒரு குறிப்பிட்ட நோய்க்கு ஒரு குறிப்பிட்ட நுண்ணுயிரியே காரணம் என்று பின்னர் நிறுவுவதற்கு இவருடைய ஆய்வுகள் அடிப்படையாக அமைந்தன.

வாழ்க்கை

கோன் பிரஷ்யாவின் பிரெஸ்லாவ் நகரில் (இன்றைய போலந்தின் விரோத்ஸ்வாஃப்) ஒரு யூத வணிகரின் மகனாகப் பிறந்தார். பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் பயின்றும், யூதர் என்பதால் அங்கு பட்டம் பெற இயலவில்லை. எனவே பெர்லின் சென்று, 1847-இல் தமது 19-ஆம் வயதில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் பிரெஸ்லாவுக்கே திரும்பி, தம் வாழ்நாள் முழுவதும் அங்கேயே பணியாற்றினார். 1866-இல் அங்கு தாவர உடலியங்கியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1872-இல் முழுநிலைப் பேராசிரியரானார்.

தாவரவியல் ஆய்வுகள்

தாவர உயிரணுவில் உள்ள புரோட்டோபிளாசமும் விலங்குகளின் உயிர்ப்பொருளும் அடிப்படையில் ஒன்றே என்று 1850-இல் கோன் வாதிட்டார். நுண்பாசிகளில் பாலினப்பெருக்கம் நிகழ்வதை 1855-இல் விளக்கினார். அதே ஆண்டில், வீட்டு ஈக்களைக் கொல்லும் ஒரு பூஞ்சையையும் விவரித்தார். பாக்டீரியாக்களைப் பலரும் விலங்குகளாகக் கருதிவந்த நிலையில், அவற்றைத் தாவரங்களோடு சேர்க்க வேண்டும் என்று 1854-இல் கூறினார்.

பாக்டீரியா வகைப்பாடு

பாக்டீரியாக்களுக்கு நிலையான இனங்கள் இல்லை. சூழலுக்கேற்ப ஒன்று மற்றொன்றாக மாறிவிடும் என்று கார்ல் நேகெலி முதலிய அறிஞர்கள் கருதினர். இக்கருத்து சரியானால், இந்நோய்க்கு இக்கிருமியே காரணம் என்று எவராலும் கூற இயலாது. கோன் இதனை மறுத்தார். 1872-இல் வெளியிட்ட ஆய்வில் பாக்டீரியாக்களை வடிவத்தின் அடிப்படையில் நான்கு குழுக்களாகப் பிரித்தார். பேசில்லஸ் என்னும் பேரினப் பெயரும், ஆந்த்ராக்ஸ் எனப்படும் அடைப்பான் நோயின் கிருமிக்கு வழங்கும் பேசில்லஸ் ஆந்த்ராசிஸ் என்னும் பெயரும் இவர் இட்டவையே.

அகவித்துகள்

வைக்கோல் ஊறிய நீரைக் கொதிக்க வைத்த பின்னும் அதில் பாக்டீரியாக்கள் தோன்றுவது, உயிரற்ற பொருளிலிருந்து உயிர் தானாகத் தோன்றும் என்ற கொள்கைக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியா வெப்பத்தைத் தாங்கும் அகவித்துகளை உருவாக்குவதையும், அவை பின்னர் முளைத்து மீண்டும் கோல் வடிவம் பெறுவதையும் கோன் 1876-இல் விளக்கினார். இதனால் அச்சான்று வலுவிழந்தது.

ராபர்ட் கோக்குடன் தொடர்பு

வோல்ஸ்டைன் என்னும் சிற்றூரில் மருத்துவராக இருந்த ராபர்ட் கோக், அடைப்பான் கிருமியைத் தம் வீட்டிலேயே ஆராய்ந்துவந்தார். மாட்டுக் கண்ணிலிருந்து எடுத்த நீர்மத்தில் அதனை வளர்த்து, அது வித்துகளை உருவாக்குவதைக் கண்டார். நோயுற்ற கால்நடைகள் மேய்ந்த நிலங்கள் பல ஆண்டுகள் ஆபத்தானவையாக இருப்பதன் காரணம் இதனால் விளங்கியது. அக்காலத்தில் அதிகம் அறியப்படாதவராக இருந்த கோக், 1876 ஏப்ரலில் கோனுக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 30 அன்று பிரெஸ்லாவ் சென்று, சில நாட்கள் தம் சோதனைகளைச் செய்து காட்டினார். இவற்றின் சிறப்பை உடனே உணர்ந்த கோன், தாம் 1870-இல் தொடங்கிய தாவர உயிரியல் இதழில் கோக்கின் கட்டுரையை அவ்வாண்டே வெளியிட்டார். மருத்துவ வரலாற்றின் முதன்மையான கட்டுரைகளுள் ஒன்று இவ்வாறு ஒரு தாவரவியல் இதழில் வெளிவந்தது.

சிறப்புகளும் இன்றைய நிலையும்

கோனுக்கு 1885-இல் லேவன்ஹூக் பதக்கமும் 1895-இல் லின்னேயன் பதக்கமும் வழங்கப்பட்டன. பாக்டீரியாக்கள் இன்று தாவரங்களாகக் கருதப்படுவதில்லை. அவை மரபணு ஒப்பீட்டின் அடிப்படையிலேயே பெரிதும் வகைப்படுத்தப்படுகின்றன. எனினும் அவற்றை இனங்களாகப் பிரித்தறிய முடியும் என்ற கோனின் முடிவு நிலைத்து நிற்கிறது.