புழுங்கலரிசியும் பெரிபெரி நோயும்: பிராடனின் விஷக் கொள்கை பற்றி ஒரு மறு ஆய்வு

மலாய் நாட்டின் வெள்ளீயச் சுரங்கங்களிலும் ரப்பர்த் தோட்டங்களிலும் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் உழைத்த மக்களுள், சீனத் தொழிலாளர் பெருந்தொகையினராக, நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோய்க்கு இரையாக, அதே வெப்பத்திலும் அதே மழையிலும் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் அந்நோயினின்று தப்பினர் என்பது மருத்துவ வரலாறு கற்றோர் நன்கறிந்த செய்தி. அதனை மீண்டும் சொல்லுவது என் நோக்கமன்று. அந்த வேறுபாட்டுக்கு டாக்டர் லெனார்டு பிராடன் கூறிய விளக்கம் எந்த அளவுக்கு நிற்கும், எங்கே தளரும் என்பதைச் சான்றுகளோடு வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் கருத்து.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராகப் பணியாற்றிய பிராடன், 1907ஆம் ஆண்டில் பெரிபெரியின் காரணத்தையும் தடுப்பையும் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். நோய்க்குக் கிருமியே காரணம் என்றும், ஈரமான தரையும் காற்றோட்டமற்ற கொட்டகைகளுமே காரணம் என்றும் அறிஞர் பலர் வற்புறுத்திய காலம் அது. கோலாலம்பூர் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் தலைவரான ஹாமில்டன் ரைட்டும் தொற்றுக் கொள்கையையே கைக்கொண்டிருந்தார். அச்சூழ்நிலையில் பிராடன் நிலத்தையும் கட்டடத்தையும் விடுத்து மக்களின் சோற்றை நோக்கியது உண்மையிலேயே துணிவான செயல். சீனர் ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்டனர். தமிழர் புழுங்கலரிசியை உண்டனர். கிராமத்து மலாய்க்காரர் தம் நெல்லை அவ்வப்போது வீட்டில் குத்தி உண்டனர். முதல் வகையாரிடம் மட்டுமே நோய் மிகுதி. இம்மூன்று வகுப்பையும் பிரித்துக் காட்டிய பெருமை பிராடனைச் சாரும். அதனை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் அவர் அங்கே நின்றுவிடவில்லை. சேமித்து வைத்த பச்சரிசியில் பூஞ்சணம் போன்ற ஓர் உயிர்ப்பொருள் படிந்து விஷம் உண்டாகிறது என்றும், நெல்லை ஊறவைத்து அவிப்பதால் அவ்விஷத்தின் மூலம் அழிந்துபோகிறது என்றும், மலாய்க்காரர் புதிதாகக் குத்தி உண்பதால் விஷம் விளைய அவகாசமில்லை என்றும் அவர் சித்தாந்தம் செய்தார். மூன்று வகுப்பையும் ஒரே காரணத்தால் இணைக்கும் இவ்விளக்கத்தின் அழகே பலரை மயக்கியது போலும். என் கருத்தில் இதன் குறை மலாய்க்காரரைப் பற்றிய பகுதியிலேயே தெரிகிறது. வீட்டில் குத்திய அரிசி புதியது மட்டுமன்று. உரலும் உலக்கையும் தவிட்டை முழுவதும் போக்குவதில்லையாதலால், அது தவிடு ஒட்டிய அரிசியுமாகும். ஒரே பொருளில் இரண்டு குணங்கள் சேர்ந்திருக்க, பிராடன் புதுமையை மட்டும் காரணமாக எடுத்துக்கொண்டு தவிட்டைக் கைவிட்டார்.

அவர் நூல் வெளிவருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே ஜாவாவின் சிறைச்சாலைகளில் டச்சு மருத்துவ அதிகாரி வோர்டர்மன் திரட்டிய கணக்கு இதனைத் தெளிவாக்கியிருக்கக்கூடும். தீட்டிய அரிசி வழங்கிய 51 சிறைகளுள் 36இல் பெரிபெரி காணப்பட்டது. தவிட்டுத்தோல் நீக்காத அரிசி வழங்கிய 37 சிறைகளுள் ஒன்றில் மட்டுமே காணப்பட்டது. கட்டடத்தின் பழமை, தரையின் தன்மை, காற்றோட்டம், கைதிகளின் நெருக்கம் ஆகியவற்றையும் அவர் ஒப்பிட்டு, அவற்றுக்கும் நோய்க்கும் தொடர்பில்லை எனக் கண்டார். அந்தத் தவிட்டரிசி புழுக்கியதன்று என்பதே ஈண்டுக் கவனிக்கத்தக்கது. அவிக்காத அரிசி உண்டோரும் தப்பினார்கள் எனின், அவித்தல் விஷத்தை அழித்ததால்தான் தமிழர் தப்பினர் என்னும் வாதம் தன் வலிமையிற் பாதியை இழக்கிறது.

பிராடனை ஆதரிப்போர் பெரிதும் எடுத்துக்காட்டுவது, கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வில்லியம் பிளெச்சர் 1905 டிசம்பரில் தொடங்கி ஓராண்டு நடத்திய சோதனை. இதனைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். அரிசிக்கும் நோய்க்கும் தொடர்புண்டு என்பதில் பிளெச்சருக்கே முதலில் நம்பிக்கை இல்லை. நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணிட்டு, ஒற்றைப்படை எண்ணினரை ஒரு விடுதியிலும் இரட்டைப்படை எண்ணினரை மற்றொரு விடுதியிலும் வைத்து, முன்னவர்க்குச் சயாம் பச்சரிசியும் பின்னவர்க்கு இந்தியப் புழுங்கலரிசியும் அளித்தார். ஏனைய உணவு இருசாரார்க்கும் ஒன்றே. இடம் காரணமாகலாம் என்ற ஐயம் எழாதபடி, ஆண்டின் இடையே இருசாராரையும் விடுதி மாற்றிக் குடியேற்றினார். பச்சரிசி உண்ட 120 பேருள் 18 பேர் அந்நோயால் மாண்டனர். புழுங்கல் உண்ட 123 பேருள் நோய் கண்டவர் இருவரே, அவ்விருவரும் நோயோடு வந்து சேர்ந்தவர்கள். தம் பொறுப்பிலிருந்த ஆதரவற்ற மனிதர்கள்மீது இத்தகைய சோதனை நடத்தியது முறையோ என்ற கேள்வி இன்று நம் நெஞ்சை அறுக்கிறது. அம்மரணங்களை வெறும் எண்களாகக் கடந்து செல்ல எனக்கு மனம் வரவில்லை.

இச்சோதனை எதனை நிறுவிற்று? விடுதி மாறியும் நோய் அரிசியைப் பின்தொடர்ந்ததால், இடம் காரணம் என்னும் கொள்கை வீழ்ந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை. அரிசியில் விஷம் இருந்தாலும், அரிசியில் ஏதோ ஒரு சத்துக் குறைந்திருந்தாலும், குறைந்த சத்தால் உடல் தளர்ந்து வேறொரு கிருமிக்கு இடங்கொடுத்திருந்தாலும், மரணக் கணக்கு ஒன்றாகவே இருக்கும். இம்மூன்று வழிகளையும் பிளெச்சரே திறந்து வைத்திருந்தார். அவருடைய சோதனையைப் பிராடன் கொள்கையின் வெற்றியாக எழுதுவோர், அச்சோதனையை நடத்தியவர் சொல்லத் துணியாத ஒன்றைத் தாம் சொல்லுகிறார்கள்.

விஷமா, குறைவா என்னும் வழக்கைத் தீர்த்தவர்கள் கோலாலம்பூர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் ஆவர். காட்டுப்பகுதியில் சாலை அமைத்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, அரிசியை மாற்றி மாற்றி அளித்து, நோய் பச்சரிசியைத் தொடர்வதை அவர்கள் காட்டினர். ஜாவானியர் தமிழரும் அல்லர், சீனரும் அல்லர். ஆதலின் குல இயல்பு பற்றிய பேச்சும் அங்கே அடங்கியது. ஆயினும் அதனினும் முக்கியமானது கோழிகளைக் கொண்டு செய்த பரீக்ஷை. புழுங்கலரிசியைச் சூடான சாராயத்தில் இட்டு அதன் சாரத்தைப் பிரித்துவிட்டு, எஞ்சிய அரிசியைக் கோழிகளுக்கு இட்டபோது அவை பெரிபெரியை ஒத்த நரம்புத் தளர்ச்சி கொண்டன. விஷம் அழிந்த அரிசிக்கு மீண்டும் விஷம் எங்கிருந்து வந்தது? சாராயம் சேர்த்தது ஒன்றுமில்லை, எடுத்ததே உண்டு. ஜாவாவின் படேவியாவில் டச்சு மருத்துவர் கிரைன்ஸ் 1901இலேயே கூறியிருந்த குறைவுக் கொள்கை இவ்வாறு மலாய் நாட்டில் உறுதிபெற்றது.

தவிட்டிலும் முளையிலும் உள்ள, நீரில் கரையும் தயமின் என்னும் உயிர்ச்சத்து, நெல் ஊறி அவியும்போது அரிசியின் உள்ளே புகுந்து படிந்துவிடுகிறது; பின்னர் ஆலை எவ்வளவு தீட்டினும் முழுவதும் போவதில்லை. இதுவே தமிழ்த் தொழிலாளரைக் காத்தது. இனி ஒரு தடை எழும்: நம் நாட்டில் பச்சரிசியே உண்ணும் குடும்பங்கள் இல்லையா எனின், உண்டு. கைக்குத்தலாயிருந்த காலத்தில் அப்பச்சரிசியிலும் தவிடு எஞ்சியிருந்தது. பருப்பும் மோரும் காய்கறியும் அச்சோற்றோடு சேர்ந்தன. ஆலையரிசியே ஏறக்குறைய முழு ஆகாரமாகும் வறுமையில்தான் நோய் தலைகாட்டுகிறது. சென்னை மாகாணத்திலேயே, பச்சரிசி வழங்கும் வட சர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி நிலைபெற்றிருக்க, புழுங்கல் வழங்கும் தமிழ் மாவட்டங்களில் அது அரிதாயிருந்தமை, குன்னூரில் உணவாராய்ச்சியாளர் மெக்காரிசனும் பின்னர் அய்க்ராய்டும் ஆராய்ந்த பொருளாகும்.

நெல்லைப் புழுக்கும் வழக்கம் தமிழகத்தில் எந்நூற்றாண்டில் தோன்றியது என்பது இன்னும் நிர்ணயமாகவில்லை. அது நோய்த் தடுப்புக்காக எழுந்தது என்று பெருமிதத்தோடு எழுதுவோர் உளர், அதற்குச் சான்றில்லை. உமி எளிதில் கழலுதல், அரிசி நொறுங்காமை, பூச்சி அரிப்பைத் தாங்குதல் ஆகிய பயன்களே அவ்வழக்கை நிலைநிறுத்தியிருத்தல் கூடும் என்று கருதுகிறேன். இதுவும் ஊகமேயன்றி முடிபன்று.

பிராடனின் பிரத்தியக்ஷம் மெய். அவர் அனுமானம் பிழை. கடல்கடந்த தமிழரின் வரலாற்றை ஆராய்வோர், கப்பல் பயணத்தையும் கங்காணி முறையையும் போலவே, தோட்டங்களுக்கு வந்த அரிசி மூட்டைகளின் கணக்கேடுகளையும் தேடிப் பதிப்பிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.