திண்ணைப் பள்ளிக்கூடம்

ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையிலோ, ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையிலோ, கோயில் மண்டபத்திலோ, மரத்தடியிலோ சிறுவர்களுக்கு எழுத்தும் எண்ணும் ஒழுக்கமும் கற்பித்த பள்ளி. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் 19ஆம் நூற்றாண்டு முழுவதும் பரவலாகவும், அடுத்த நூற்றாண்டின் முற்பாதியில் ஆங்காங்கேயும் நடந்துவந்தது. ஆசிரியரை உபாத்தியாயர், வாத்தியார், அண்ணாவி என இடத்திற்கேற்ப அழைத்தனர். படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்பிள்ளைகள். வகுப்புப் பிரிவு, மணி, அச்சிட்ட நூல், கட்டடம் எதுவும் இல்லாத இப்பள்ளி இரண்டு தூண்களின்மேல் நின்றது: மனப்பாடம் ஒன்று, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் மற்றொன்று.

முற்காலம்

பழந்தமிழ் இலக்கியத்தில் கணக்காயர் என்ற பெயரில் ஆசிரியர்கள் குறிக்கப்படுகின்றனர். ஆசிரியருக்கு உற்ற வேளையில் உதவியும் பொருள் கொடுத்தும் கற்க வேண்டும் என்ற கருத்து, ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடியதாக உள்ள புறநானூற்று 183ஆம் பாடலில் காணப்படுகிறது. எனினும் ஊர்ச் சிறுவர்களின் தொடக்கக் கல்வி அக்காலத்தில் எவ்வாறு நடந்தது என்பதற்கு நேரடிச் சான்று மிகக் குறைவு. சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடங்களிலிருந்தே ஊர்ப்பள்ளிகள் வளர்ந்தன என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. எழுத்துப் பயிற்சியின் தொடக்கத்தில் சொல்லப்பட்ட ‘அரி நமோத்து சிந்தம்’ என்னும் வணக்கத் தொடரை அவர்கள் சமணத் தொடர்புக்குச் சான்றாகக் காட்டுவர். அதைத் திருமால் வணக்கமாகக் கொள்வோரும் உளர்.

மாணவர் நடந்துகொள்ள வேண்டிய முறையை விரிவாகத் தொகுத்துத் தந்த நூல் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பவணந்தி முனிவரின் நன்னூல். உரிய பொழுதில் செல்லுதல், வழிபாட்டில் சலியாமை, ஆசிரியரின் குறிப்பறிந்து ஒழுகுதல், இருக்கச் சொன்னபின் இருத்தல், ஓவியம்போல் அடங்கிக் கேட்டல் என அதன் பொதுப்பாயிரம் அடுக்கிச் சொல்கிறது. ஆசிரியரிடமிருந்து கிடைப்பது அறிவில் கால் பங்கே. உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கும், பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய பாதியும் நிறையும் என்றும் அது கணக்கிடுகிறது. நன்னூல் உயர்நிலை இலக்கணக் கல்வியை நோக்கி எழுதப்பட்டது. அதன் விதிகள் சிறுவர் பள்ளிகளில் அப்படியே பின்பற்றப்பட்டன என்று கூற இயலாது. ஆயினும் பிற்காலத் திண்ணைப் பள்ளியின் நடைமுறை இந்தக் கணக்கோடு வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்துகிறது.

பயணிகளும் பாதிரிமாரும்

தென்னிந்தியச் சிறுவர் கல்வியைக் கண்ணால் கண்டு எழுதிய பழைய குறிப்புகளுள் ஒன்று இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லேயுடையது. 1623 நவம்பரில் கன்னட நாட்டு இக்கேரியில், கோயில் முகப்பில் நான்கு சிறுவர்கள் தரையில் நுண்மணலைப் பரப்பி விரலால் எழுதி, எண்களை இசையோடு ஒப்பித்துக்கொண்டிருந்ததை அவர் கண்டார். தவறினால் யார் திருத்துவார் என்று கேட்டார். ஆசிரியர் துணையின்றி ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொள்கிறோம் என்றனர் சிறுவர். நால்வரும் ஒரே இடத்தில் மறக்க வாய்ப்பில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த செருமானியப் பாதிரியார் சீகன்பால்கு, உள்ளூர் உபாத்தியாயர் ஒருவரைத் தம் இருப்பிடத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார்.

சென்னை முறை

1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், ஒரு நாள் குதிரையில் செல்லும்போது உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் விடுதியிலும் அதைப் புகுத்தினார். ஆசிரியர்கள் ஒத்துழைக்காதபோது, ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனையே சிறியவர்களுக்கு எழுத்துக் கற்பிக்க அமர்த்தினார். இந்த அனுபவத்தை 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் இவ்வழி ‘சென்னை முறை’ என்ற பெயரில் இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவியது. இசுக்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூசில் அவர் கொடையால் 1833இல் தொடங்கிய பள்ளி இன்றும் ‘மெட்ராஸ் கல்லூரி’ என்றே வழங்குகிறது.

பெல் திண்ணைப் பள்ளியிலிருந்து எதை எடுத்துக்கொண்டார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மணல் எழுத்தை மட்டுமே தாம் பின்பற்றியதாகவும், மாணவர் வழிக் கற்பித்தல் தம்முடைய கண்டுபிடிப்பு என்றும் அவர் கூறினார். அதே முறைக்கு இங்கிலாந்தில் ஜோசப் லங்காஸ்டரும் உரிமை கொண்டாடினார். சட்டாம்பிள்ளை என்னும் மாணவத் தலைவன் திண்ணைப் பள்ளியின் பழைய அங்கம். எனவே முறை முழுவதுமே இங்கிருந்து சென்றது என்பாரும் உளர். பெல்லாரி ஆட்சியரான ஏ. டி. கேம்பல் 1823இல் எழுதிய அறிக்கையில், மூத்த மாணவர் இளையவர்க்குக் கற்பிக்கும் உள்நாட்டு வழக்கத்தைப் புகழ்ந்து, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்று குறிப்பிட்டார்.

1822–1826 கணக்கெடுப்பு

திண்ணைப் பள்ளியைப் பற்றிய மிக விரிவான ஆவணங்கள் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்ட கணக்கெடுப்பிலிருந்து கிடைப்பவை. ஆட்சியர்கள் அனுப்பிய விவரங்களைத் தொகுத்து 1826 மார்ச் 10இல் அவர் எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் பள்ளிகளும் உயர்கல்வி இடங்களுமாக 12,498 இருந்தன. பயின்றோர் 1,88,650 பேர். அவர்களுள் பெண்பிள்ளைகள் 4,540 பேர். சென்னை நகரில் பள்ளிக்குச் சென்றவர்களைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கினர், அதாவது 26,963 பேர், வீட்டிலேயே கற்றதாக அறிக்கை கூறியது. இதில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே ஐயுற்றார். வீட்டுக் கல்வியையும் சேர்த்தால் ஆண்பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கிய தொகையினர் ஏதோ ஓரளவு கல்வி பெற்றனர் என்பது அவருடைய மதிப்பீடு. ஆசிரியரின் மாத வருவாய் பொதுவாக ஆறு, ஏழு ரூபாயைத் தாண்டவில்லை என்றும் அவர் எழுதினார்.

இந்த எண்கள் பிற்காலத்தில் பெரும் விவாதத்திற்கு உள்ளாயின. 1931 அக்டோபர் 20இல் காந்தியடிகள் இலண்டனில் ஆற்றிய உரையில், ஆங்கில ஆட்சி இந்தியக் கல்வியின் அழகிய மரத்தை வேரறுத்ததாகக் கூறினார். ஆங்கிலேயக் கல்வியாளர் பிலிப் ஹார்ட்டாக் அதை மறுத்தார். ஆய்வாளர் தரம்பால் 1983இல் மன்றோ காலத்து ஆவணங்களைத் தொகுத்து ‘அழகிய மரம்’ என்ற பொருள்படும் தலைப்பில் வெளியிட்டார். தமிழ் மாவட்டங்களில் பிராமணரல்லாத மாணவர்களே மிகுதி என்பதை அவர் எடுத்துக்காட்டினார். ஆட்சியர்கள் ‘சூத்திரர்’ என்ற ஒரே தலைப்பில் நிலமுடைய வேளாளரையும் அடக்கியதால், அந்த எண்ணை வைத்துக் கல்வி எல்லாருக்கும் திறந்திருந்தது என முடிவுகட்டக் கூடாது என்பது மறுப்பாளரின் வாதம். தீண்டாமைக்கு உள்ளான சாதிப் பிள்ளைகளுக்கு ஊர்த் திண்ணை பெரும்பாலும் எட்டாததாகவே இருந்தது என்பதில் ஐயத்திற்கு இடம் குறைவு.

பள்ளியின் அன்றாடம்

கேம்பலின் அறிக்கை தெலுங்கும் கன்னடமும் வழங்கிய பெல்லாரியைப் பற்றியது. தமிழகத்துக்கு 1873இல் ‘இந்தியன் ஆண்டிகுவரி’ இதழில் வெளிவந்த சார்லஸ் கோவரின் கட்டுரையும், 1855இல் பிறந்த உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நூலும் முதன்மைச் சான்றுகள். மூன்றையும் சேர்த்துப் பார்க்கையில் பள்ளியின் ஒரு நாள் ஓரளவு தெளிவாகப் புலப்படுகிறது.

ஐந்தாம் வயதில், பெரும்பாலும் விசயதசமியன்று, குழந்தைக்கு எழுத்தறிவித்தனர். பிள்ளையாரை வணங்கியபின் உபாத்தியாயர் குழந்தையின் விரலைப் பிடித்துப் பரப்பிய அரிசியில் எழுதுவிப்பார். பின்னர் மணலில் எழுத்துப் பயிற்சி. கை பழகியபின் பனையோலையும் எழுத்தாணியும் வரும். உபாத்தியாயர் எழுதித் தரும் மேல்வரிச் சட்டத்தைப் பார்த்து மாணவன் எழுதுவான். கீறிய எழுத்து தெரிவதற்காக ஓலையில் மையோ பச்சிலைச் சாறோ கரியோ பூசுவர். ஓலையை வாரிக் கட்டுவதும் எழுத்தாணியைக் கூராக்குவதும் பாடத்தைப் போலவே கற்க வேண்டியவை.

பொழுது புலரும் முன்பே பிள்ளைகள் வந்துவிட வேண்டும். பெல்லாரிப் பள்ளிகளில் முதலில் வந்தவனின் உள்ளங்கையில் பெருமைக்கு அடையாளமாகச் சரசுவதியின் பெயர் எழுதப்பட்டது. இரண்டாவதாக வந்தவனுக்குப் புகழுமில்லை பழியுமில்லை என்று காட்டச் சுழி. மூன்றாமவனுக்கு மெல்லிய ஓரடி, நான்காமவனுக்கு இரண்டு என ஏறிக்கொண்டே போகும்.

ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை, நல்வழி, சதகங்கள், நிகண்டு ஆகியவை வாய்ப்பாடமாகக் கற்பிக்கப்பட்டன. ஒருவன் சொல்ல மற்றவர்கள் உரக்கத் திருப்பிச் சொல்வது முறை சொல்லுதல். பொருள் விளங்காமலே பிள்ளைகள் செய்யுளை ஒப்பிக்கின்றனர் என்று கேம்பலும் கோவரும் குறைகூறினர். மாலையில் பள்ளி கலையும்முன் உபாத்தியாயர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூ, பறவை, விலங்கு, ஊர் என ஏதேனும் ஒரு பெயரைச் சொல்லி அனுப்புவார் என்றும், மறுநாள் காலை அதை நினைவுகூர்ந்து சொல்ல வேண்டும் என்றும் சாமிநாதையர் எழுதுகிறார்.

கணக்கு இப்பள்ளியின் பெருமிதம். எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று ஆகிய வாய்பாடுகளைச் சிறுவர் தலைகீழாக அறிந்திருந்தனர். அரை, கால், இருபதில் ஒன்றான மா, எண்பதில் ஒன்றான காணி, முந்நூற்றிருபதில் ஒன்றான முந்திரி எனப் பின்னங்கள் நுணுகிச் சென்றன. முந்திரியையும் முந்நூற்றிருபதாகப் பகுத்தது கீழ்முந்திரி. 5 செவிடு ஓர் ஆழாக்கு, 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி என்று தொடங்கிப் பதக்கு, தூணி, கலம் வரை நெல்லளவை ஏறும். களத்துமேட்டிலும் கடையிலும் மறுநாளே பயன்படும் அறிவு இது. ஊர்க்கணக்கு எழுதியவர்கள் பலரும் இத்திண்ணைகளில் தொடங்கியவர்களே.

அமாவாசையும் பௌர்ணமியும் பள்ளி விடுமுறை. அதற்கு வாவு என்று பெயர். சம்பளம் காசாகவும் நெல்லாகவும் கிடைத்தது. நவராத்திரியில் பிள்ளைகள் கோலாட்டமடித்துப் பாடிக்கொண்டு வீடுவீடாகச் செல்ல, வீட்டார் உபாத்தியாயருக்கு அன்பளிப்பு வழங்கினர்.

ஒழுக்கமும் தண்டனையும்

பெரியவர் வந்தால் எழுந்து நிற்றல், கேட்டதற்கு மட்டும் விடை சொல்லுதல், வாய்பொத்திப் பேசுதல், ஏட்டில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுதல் முதலியன சொல்லாமலே கற்ற பழக்கங்கள். நீதி நூல்கள் இவற்றுக்குச் சொல்வடிவம் தந்தன. திண்ணை இவற்றை உடலில் படியவைத்தது. உபாத்தியாயர் இல்லாதபோது ஒழுங்கு சட்டாம்பிள்ளையின் கையில். அவன் பாடம் கேட்பான், வராதவனை ஆளனுப்பி அழைத்து வருவான், தவறியவனைக் காட்டிக்கொடுப்பான். தன்னைவிடச் சிறியவனுக்குப் பொறுப்பாளியாக இருக்க ஒரு சிறுவன் கற்றுக்கொண்டதுதான் இப்பள்ளி தந்த ஒழுக்கத்தின் சாரம். அந்த அதிகாரம் கொடுமையாக மாறியதும் உண்டு.

தண்டனைகள் கடுமையானவை. பிரம்படி, தோப்புக்கரணம், காலில் மரக்கட்டை பூட்டுதல், கூரையிலிருந்து கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் ஆகியவை குறிப்பிடப்படுகின்றன. கைகளைக் கட்டித் தொங்கவிடுவதையும், ஓயாமல் முழந்தாளிட்டு எழச் செய்வதையும் கேம்பலும் பதிவுசெய்துள்ளார். இவை எல்லாப் பள்ளிகளிலும் நடந்தனவா, சில ஆசிரியர்களின் வழக்கமா என்பதில் சான்றுகள் ஒத்துப்போகவில்லை. அக்கால ஒழுக்கத்தைப் போற்றுவோர் இத்தண்டனைகளை மறைத்துப் பேசுவது முறையன்று.

மாற்றமும் மறைவும்

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பாதிரிமார் பள்ளிகளின் வகுப்பு முறையையும் அச்சு நூலையும் சைவக் கல்விக்குக் கொண்டுவந்தது அது. அவருடைய பாலபாட நூல்கள் ஏட்டின் இடத்தைப் பிடித்தன. சென்னை மாகாணத்தில் 1854ஆம் ஆண்டின் கல்வி அறிக்கைக்குப் பின் அரசு உதவித்தொகை வந்தது. அதைப் பெற விரும்பிய உபாத்தியாயர்கள் அரசுப் பாடத்திட்டத்தையும் வருகைப் பதிவேட்டையும் ஏற்றனர். மணலின் இடத்தில் சிலேட்டு வந்தது. ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பாதிரிமார் பள்ளிகளும், 1894இல் அடையாற்றில் பிரம்மஞான சபைத் தலைவர் ஆல்காட் தொடங்கிய இலவசப் பள்ளி போன்றவையும் வழி திறந்தன. 1920ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டத்திற்குப் பின் திண்ணைப் பள்ளிகள் விரைவாகக் குறைந்தன.

இன்றைய நிலை

விசயதசமியன்று எழுத்தறிவித்தலும் பள்ளியில் சேர்த்தலும் தொடர்கின்றன. ஆத்திசூடி பாடநூல்களில் இடம்பெறுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல்தண்டனையைத் தடைசெய்தது. எண்சுவடிகளைக் கணித வரலாற்றுச் சான்றுகளாகக் கொண்ட ஆய்வுகள் அண்மையில் வெளிவந்துள்ளன. மூத்தவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையை இன்றைய ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகள் தேவை கருதிக் கையாள்கின்றன. அதைத் திண்ணைப் பள்ளியின் தொடர்ச்சியாகக் கொள்வதா, புதிதாகத் தோன்றியதாகக் கொள்வதா என்பது இன்னும் ஆராயத்தக்கது.