முளையிலே அறிதல்
இளையோர் மனநோய்த் தடுப்பின் வரலாறு

வரலாறு என்றதும் மூவேந்தரும் அவர்தம் போர்களும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும் நோய்க்கும் வரலாறு உண்டு. அம்மை ஒழிந்த வரலாற்றையும் காசநோய்க்கு மருந்து கண்ட வரலாற்றையும் நாம் பெருமையோடு பேசுகின்றோம். மனநோயின் வரலாற்றையோ எவரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. அந்நோய் கண்ட பிள்ளையை எவ்வாறு வீட்டின் உள்ளறையில் வைத்து மறைக்கின்றோமோ, அவ்வாறே அதன் வரலாற்றையும் மறைத்து வைத்துவிட்டோம். தமிழ்க் குடும்பங்கள் ஆண்டுக்கொரு முறை ஒன்றுகூடும் நன்னாளின் மலரில், மறைத்ததைச் சிறிது திறந்து காட்டுதல் நன்றெனக் கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். நாம் மருத்துவர் அல்லோம். இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கெழுதும் எளியோம். கற்றும் கேட்டும் அறிந்தவற்றையே ஈண்டு தொகுத்துரைக்கின்றோம்.

முதற்கண் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளல் வேண்டும். மனநோய் பெரும்பாலும் இளமையிலே தோன்றுவது. அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த பெரியதோர் ஆய்வு 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. வாழ்நாளில் மனநோய் காண்பவருள் பாதிப் பேருக்கு 14 வயதிற்குள்ளும், நான்கில் மூன்று பங்கினர்க்கு 24 வயதிற்குள்ளும் அது தொடங்கிவிடுகின்றது என்று அவ்வாய்வு கூறிற்று. மனச்சிதைவு எனப்படும் கடும் நோயும், ஒருகால் பேரெழுச்சியும் ஒருகால் பெருஞ்சோர்வுமாய் மாறிவரும் இருதுருவ நோயும் பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுவன. பள்ளியிறுதித் தேர்வு, முதல் வேலை, திருமணப் பேச்சு ஆகியவை நிகழும் பருவம் அதுவே. குடும்பம் நம்பிக்கை வைத்திருக்கும் பிள்ளையை, நம்பிக்கை வைத்திருக்கும் வேளையிலேயே அது பற்றுகின்றது.

நம் முன்னோர் இந்நோயை அறியாதவர் அல்லர். சித்த மருத்துவ மரபு இதனைக் ‘கிரிகை’ என்று பெயரிட்டுப் பதினெட்டு வகையாகப் பகுத்தது. பின்னர் வந்த ஆங்கிலேயர் காப்பகம் என்னும் முறையைக் கொணர்ந்தனர். சென்னையில் 1794ஆம் ஆண்டு வாலன்டைன் கொனாலி என்னும் மருத்துவர் தொடங்கிய காப்பகம், 1871இல் கீழ்ப்பாக்கத்திற்குப் பெயர்ந்து, 1922இல் மனநோய் மருத்துவமனை என்னும் பெயர் பெற்றது. பம்பாய் மாகாணத்தில் தாணாவின் நௌபாடாவில் 1901இல் ஒரு காப்பகம் எழுந்தது. நம் புறநகர் வண்டி நாள்தோறும் கடந்து செல்லும் ஊர் அது. 1912ஆம் ஆண்டின் சட்டமோ நோயாளரைப் ‘பித்தர்’ என்றே குறித்தது. அக்காலத்து எண்ணம் யாதெனில், ஊரைப் பித்தரிடமிருந்து காத்தல் என்பதே. பித்துத் தோன்றாமற் காத்தல் என்னும் எண்ணம் எவர்க்கும் எழவில்லை.

மேலைநாட்டு அறிஞரும் தொடக்கத்தில் நம்பிக்கை இழந்தே நின்றனர். ஜெர்மானிய மருத்துவர் கிரேப்பெலின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நோயை ‘இளமையிலே வரும் அறிவழிவு’ என்று குறித்தார். பெயரே தீர்ப்பாயிற்று. 1908ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பிளாய்லர் என்பார் அப்பெயரை மாற்றிச் ‘சிசோஃப்ரினியா’ என வழங்கினார். நோயுற்றோர் அனைவரும் அழிந்தொழிவதில்லை என்பதை அவர் கண்டிருந்தார். 1927இல் அமெரிக்க மருத்துவர் சல்லிவன், மருத்துவர்கள் நோய் முற்றிய பின்னரே நோயாளரைக் காண்கின்றனர், முற்றுமுன் காணின் பலரை மீட்கலாகும் என்னும் கருத்தை முன்வைத்தார். விதை அன்றே இடப்பட்டது. முளைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேலாயின.

நம் அண்டையில் நிகழ்ந்த ஒன்றையும் குறித்தல் வேண்டும். தேவனாரில் உள்ள டாட்டா சமூக அறிவியற் கழகத்தை நம் காலனி மக்கள் அனைவரும் அறிவர். 1936இல் பம்பாயில் தோன்றிய அந்நிறுவனம், மறு ஆண்டே குழந்தைகளுக்கென ஒரு மனநல வழிகாட்டு நிலையத்தைத் தொடங்கிற்று. இந்தியாவில் அத்தகைய நிலையங்களுள் அதுவே முதலாவது. பிள்ளையின் மனத்தைப் பிள்ளைப் பருவத்திலேயே கவனித்தல் வேண்டும் என்னும் கொள்கை இந்நாட்டிற் கால் ஊன்றியது இம்மாநகரிலேதான் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது.

1952ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவர் இருவர் குளோர்புரோமசின் என்னும் மருந்தால் மனநோய் தணிதலைக் கண்டறிந்தனர். அதன்பின் காப்பகங்களின் கதவுகள் மெல்லத் திறந்தன. நம் நாடு இதனோடு தன் பங்காக ஒன்றைச் சேர்த்தது. அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் வித்யாசாகர் என்னும் மருத்துவர், நோயாளரின் உறவினரையும் வளாகத்திலே கூடாரமிட்டுத் தங்கச் செய்தார். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தோடு தங்கி மருத்துவம் பெறும் முறையை வளர்த்தது. மேலைநாடுகள் நோயாளரைக் குடும்பத்தினின்று பிரித்தன. நாமோ குடும்பத்தையே மருத்துவத்துள் அழைத்தோம்.

தமிழகத்தில் இவ்வரலாற்றின் நடுநாயகமாக விளங்குபவர் மருத்துவர் சாரதா மேனன் அம்மையார். 1923இல் மங்களூரிற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, இந்தியாவின் முதற்பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்பெற்றவர். கீழ்ப்பாக்கம் மனநோய் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை 1961 முதல் 1978 வரை ஏற்று நடத்தினார். ஓய்வு பெற்றபின்னும் ஓயாது, 1984இல் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமாகிய ‘ஸ்கார்ஃப்’ என்பதனைச் சென்னையிற் கண்டார். 1992இல் பத்மபூஷண் விருது பெற்றார். 2021 டிசம்பரில், தம் 98ஆம் வயதில் மறைந்தார்.

1981ஆம் ஆண்டளவில், முதன்முறை நோய் கண்ட 90 பேரைச் சென்னை மருத்துவர்கள் தேர்ந்தெடுத்துப் பல்லாண்டுகள் விடாது தொடர்ந்து கண்டனர். பத்தாண்டுகள் கழித்துப் பார்க்குங்கால் பெரும்பாலோரிடம் நோய்க்குறிகள் தணிந்திருந்தன. கிரேப்பெலின் கூறிய இருண்ட முடிவு அனைவர்க்கும் உரியதன்று என்பதற்கு நம் மண்ணே சான்று பகர்ந்தது. ஆயின் மற்றொரு பக்கமும் உண்டு. 1998இல் வெளியான வேறொரு சென்னை ஆய்வு, ஊருக்குள் வாழ்ந்த மனச்சிதைவு நோயாளர் 261 பேரைக் கண்டது. அவருள் 75 பேர் ஒருநாளும் மருத்துவம் பெற்றிலர். மருத்துவமனைகள் மலிந்த மாநகரத்திலேயே நிலைமை இதுவாயிற்று.

இனி, முளையிலே அறிதல் என்னும் முறை பிறந்த கதையைக் கூறுவோம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 1992இல் பேட்ரிக் மெக்கோரி என்பாரும் அவர்தம் தோழரும், முதன்முறை நோய் கண்ட இளைஞர்க்கென்றே ஒரு தனி நிலையம் கண்டனர். நோய் தோன்றிய நாளுக்கும் மருத்துவம் தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் நீள நீள, மீட்சியும் அரிதாகின்றது என்பது இத்துறை ஆய்வுகள் கண்ட உண்மை. முதல் மூன்று முதல் ஐந்தாண்டுகளே பிள்ளையின் பிற்கால வாழ்வைப் பெரிதும் வகுக்கின்றன என்பர்.

நார்வே நாட்டார் 1997 முதல் வேறொன்று செய்தனர். ஸ்டவாங்கர் நகர்ப் பகுதியில் செய்தித்தாள், வானொலி, பள்ளிக்கூடம் ஆகிய எல்லா வழியாலும் நோயின் முதற்குறிகளை மக்கட்கு அறிவித்தனர். அழைத்தால் உடனே வந்து பார்க்கும் மருத்துவக் குழுவையும் அமைத்தனர். பிற பகுதிகளில் நோயாளர் மருத்துவமின்றிக் கழித்த காலம் 16 வாரமளவில் இருக்க, இங்கு அது 5 வாரமாகக் குறைந்தது. பின்னர் அறிவிப்பை நிறுத்தினர். காலமும் பழையபடி 15 வாரமாக நீண்டது. ஒருமுறை சொல்லி நிறுத்தினால் மக்கள் மறந்துவிடுவர் என்பதை இதனின்றும் நாம் கற்கின்றோம்.

சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனமும் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து மருத்துவரும் சேர்ந்து, இரு நகரிலும் 160க்கும் மேற்பட்ட இளநோயாளரை ஈராண்டுகள் ஒப்பிட்டுக் கண்டு, முடிவுகளை 2020இல் வெளியிட்டனர். செல்வமிக்க மாண்ட்ரியலைக் காட்டினும் சென்னையில் குடும்பத்தார் மருத்துவத்தில் மிகுதியாகப் பங்கு கொண்டனர். ஊக்கமிழத்தல், ஒதுங்கியிருத்தல் முதலிய குறிகளும் சென்னையில் நன்கு தணிந்தன. அவர்க்கு இல்லாத மருந்தொன்று நம்மிடம் உண்டு; அது தாயும் தந்தையும் உடன்பிறந்தாரும் ஆகிய மருந்தே.

நிற்க. குடிபெயர்ந்தோராகிய நமக்கு இவ்வரலாற்றில் தனியோர் இடமுண்டு. 1932ஆம் ஆண்டில் ஓடகார்ட் என்னும் நார்வே அறிஞர், அமெரிக்காவின் மின்னசோட்டாவிற் குடியேறிய நார்வேயரிடை, தாயகத்து நார்வேயரைவிட மனச்சிதைவு மிகுந்திருத்தலைக் கண்டார். பிற்கால ஐரோப்பிய ஆய்வுகளும், குடியேறியோரிடையும் அவர்தம் பிள்ளைகளிடையும் இத்தகைய மிகுதியைக் கண்டன. எனினும் லண்டன், ஹேக் நகரங்களின் ஆய்வுகள் ஓர் ஆறுதலையும் தருகின்றன. தம் இனத்தார் செறிந்து வாழும் தெருக்களில் இருப்போர்க்கு அவ்விடர் குறைவு என்பதே அது.

நம் சீத்தா கேம்ப் எவ்வாறு பிறந்தது என்பதை முதியோர் மறவார். அவசரநிலைக் காலத்தில், 1976இல், டிராம்பேயின் ஜனதா காலனி இடிக்கப்பட்டது. சுமார் 70,000 மக்கள் இச்சதுப்பு நிலத்திற்குப் பெயர்க்கப்பட்டனர். அதனை எதிர்த்து நின்றவருள் முன்னின்ற ஜோக்கின் அற்புதம் பின்னாளில், 2000ஆம் ஆண்டில், மகசேசே விருது பெற்றார், 2018இல் மறைந்தார். ஊரைவிட்டு வந்தது ஒரு பெயர்ச்சி. வந்த இடத்தினின்றும் பெயர்க்கப்பட்டது மறு பெயர்ச்சி. அவ்வாறு வந்தோர் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு வாழ்ந்தமையாலேயே இக்குடியிருப்பு நிலைத்தது. சங்கம் என்பது பொங்கல் விழாவுக்கும் கோலப் போட்டிக்கும் மட்டும் உரியதன்று. பிள்ளைகளின் மனத்திற்கும் அது ஓர் அரணாம்.

அரண் இல்லாதவிடத்து நிகழ்வது யாது? 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளர் தங்கியிருந்த கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் வெந்து மடிந்தனர். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பத்தார் எல்லாரும் கொடியவர் என்று கூறவியலாது. வேறு வழி அறியாதவரும் அவருள் இருந்திருப்பர். கோயிலிலும் தர்காவிலும் வேண்டிக்கொள்ளுதல் தவறன்று. வேண்டுதல் நடக்கட்டும், மருந்தும் உடன் நடக்கட்டும். இன்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரைச் சங்கிலியிடுதலை அறவே தடுக்கின்றது. அரசு மருத்துவம் பெறுதலை ஒவ்வொருவர்க்கும் உரிமையாகவும் ஆக்கியுள்ளது.

இருப்புப்பாதையிற் கீமேன் என்பார் ஒருவர் உண்டு. வண்டி கவிழ்ந்தபின் வருபவர் அல்லர் அவர். நாள்தோறும் பாதைவழி நடந்து, மயிரிழை விரிசலையும் தளர்ந்த சாவியையும் கண்டு சொல்பவர். வீடுதோறும் அத்தகைய கண் வேண்டும். அது காண வேண்டிய குறிகள் இவை: இரவுறக்கம் கெட்டுப் பகலும் இரவும் மாறுதல், நண்பரையும் உறவினரையும் விட்டு ஒதுங்குதல், நன்கு படித்த பிள்ளை காரணமின்றிப் பின்தங்குதல், குளித்தலிலும் உடுத்தலிலும் கவனம் குறைதல், அண்டையார் தன்னையே பேசுகின்றனர், உணவில் ஏதோ கலந்துள்ளனர் என்னும் ஐயம், பிறர்க்குக் கேளாத குரல் தனக்குக் கேட்டல், தனக்குத்தானே பேசலும் நகைத்தலும், வாழ்வில் விருப்பமின்மை. ஒரு குறி ஒருநாள் தோன்றின் நோய் என்று அஞ்ச வேண்டா. இளமையில் மனம் மாறுவது இயற்கை. பல குறிகள் சேர்ந்து சில வாரங்கள் நீடிப்பின் காலம் தாழ்த்தலாகாது. இறந்துபோவேன் என்னும் சொல் வாயில் வருமாயின் ஒருநாளும் தாமதம் கூடாது. பிள்ளையைத் தனியே விடவும் கூடாது.

முற்றும் தடுக்க இயலுமோ எனின், இயலாது. பிறவிவழி வரும் கூறுகளும் இதில் உண்டு. ஆயினும் குறைக்க இயல்வன சில. கருவுற்ற தாய்க்கு நல்லுணவும் பாதுகாப்பான மகப்பேறும் வேண்டும். அடியும் இழிசொல்லும் இன்றிப் பிள்ளை வளர்த்தல் வேண்டும். கஞ்சாவை இளமையில் தீண்டாது காத்தல் வேண்டும். ஸ்வீடன் நாட்டில் இராணுவப் பணிக்கு வந்த 45,000க்கும் மேற்பட்ட இளைஞரைப் பல்லாண்டு தொடர்ந்த ஆய்வு 1987இல் வெளிவந்தது. கஞ்சாவை மிகுதியாகப் பயன்படுத்தியோர்க்கு மனச்சிதைவு ஆறு மடங்கு மிகுந்திருந்தது என்று அது காட்டிற்று. ‘புகைதானே’ என்று எளிதாகக் கூறும் இளைஞர்க்கு இக்கணக்கை எடுத்துரைப்போமாக.

எங்கே செல்வது என்று மயங்க வேண்டா. சயான் மருத்துவமனையிலும் பரேல் கே.இ.எம். மருத்துவமனையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. நடுவணரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்னும் தொலைபேசி உதவி, 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றது, தமிழிலும் பேசலாம்.

‘வெளியே தெரிந்தால் பெண் கொடுப்பரோ, பெண் எடுப்பரோ’ என்னும் அச்சமே நம்மிடையே பெருந்தடை. மறைத்த ஓராண்டில் நோய் ஓராண்டு வளர்கின்றது. மானம் என்று காத்தது பிள்ளையின் வாழ்வை உண்டுவிடுகின்றது. கலியாணம் செய்துவைத்தால் சரியாகும் என்று எண்ணி மற்றொரு வீட்டுப் பெண்ணையும் அத்துயரில் இழுத்தல் அறமன்று. நோயுற்ற பிள்ளையின் வீட்டிற்கு நாம் முன்போலவே செல்வோம். முன்போலவே அப்பிள்ளையைப் பெயர் சொல்லி அழைப்போம். ஸ்டவாங்கர் நகரம் அறிவிப்பை நிறுத்தியதால் இழந்ததை எண்ணி, நம் சங்கம் ஆண்டுதோறும் ஒரு நாளை இப்பொருளுக்கென ஒதுக்கி, மருத்துவர் ஒருவரை அழைத்துப் பேசச் செய்தல் வேண்டும் என்பது நம் விண்ணப்பம். வந்தேறிய மண்ணில் நாம் ஈட்டிய பொருள் சிறிது. பெற்று வளர்த்த பிள்ளைகளே பெரிது. அப்பெருஞ்செல்வத்தைக் காலத்தே காப்போமாக.