வட்டுக் கட்டளைகளும் அவற்றின் காவலும்

சேமிப்பு வட்டுக்கும் பயனருக்கும் இடையே நிற்கும் காவலன், இயங்குதளத்தின் கெர்னல். கோப்பைப் படித்தல், எழுதுதல் ஆகிய வழக்கமான வேலைகள் அதன் சோதனையைக் கடந்தே வட்டைச் சேரும். ஆயினும் குறுவட்டு எழுதுதல் போன்ற பணிகளுக்குக் கருவிக்குரிய கட்டளையைப் பயனரே நேரடியாக அனுப்ப வேண்டியிருந்தது. அதே வழியில் கருவியின் உள்மென்பொருளை அழிக்கும் கட்டளையும் செல்லக்கூடும். ஆகவே 2004 ஆகஸ்டில் வெளியான லினக்ஸ் 2.6.8 பதிப்பில் கட்டளை வடிகட்டி ஒன்று சேர்க்கப்பட்டது.

பின்னர் வந்த என்விஎம்இ வட்டுகளில் விதி கடுமையாயிற்று: நேரடிக் கட்டளை நிர்வாகிக்கு மட்டுமே. 2022 ஜூலையில் வெளியான 5.19 பதிப்பு, ஐஓ-யூரிங் வழியே இக்கட்டளைகளை மிக விரைவாக அனுப்பும் வசதியைத் தந்தது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவர், பெங்களூருவிலுள்ள சாம்சங் குறைக்கடத்தி ஆய்வு மையத்தின் காஞ்சன் ஜோஷி. அவ்வழி எளிய பயனருக்கும் பயன்படுமாறு, சாதனக் கோப்பின் அனுமதியையே அளவுகோலாக்கும் மாற்றத்தையும் அவர் எழுதினார். எழுத உரிமை உள்ளவரே எழுதும் கட்டளையை அனுப்பலாம் என்பது அதன் சாரம். 2023 பிப்ரவரியின் 6.2 பதிப்பில் அது இடம்பெற்றது.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. எட்டுத் தொகுதிகளைப் படிக்குமாறு கட்டளையிட்டுவிட்டு, பயனர் ஒரு தொகுதிக்கே இடம் ஒதுக்கினால் என்ன நிகழும்? வழக்கமான முகவரிப் பட்டியல் முறையில் அவ்விடத்தின் நீளம் வட்டுக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. கேட்ட அளவை வட்டு நேரே நினைவகத்தில் கொட்டும். மிகுதி கெர்னலின் பிற தரவுகள்மீது விழும். நிர்வாகி மட்டும் நுழைந்த காலத்தில் அச்சமூட்டாத இவ்வோட்டை, எளியவருக்கும் வழி திறந்ததும் தாக்குதலுக்கான வாயிலாயிற்று. சிவிஇ-2023-6238 என்பது அதற்கு இடப்பட்ட எண்.

2023 அக்டோபரில் அவ்வாயிலை அடைக்கும் திருத்தம் ஒன்று முன்மொழியப்பட்டது. அதை எழுதியவரும் ஜோஷியே. தம் மாற்றத்தையும், அதன்மேல் பிறர் கட்டியவற்றையும் தற்காலிகத் தீர்வாக ஒருசேர விலக்க அவர் முன்வந்தார். ஆனால் அத்திருத்தம் கெர்னலில் சேர்க்கப்படவில்லை. எளிய பயனர் பெற்ற அனுமதி நீடித்தது.

பின்னர் 6.13 பதிப்பில் கீத் புஷ் என்பவரின் திருத்தம் சேர்ந்தது. நீளத்தையும் உடன் தெரிவிக்கும் பட்டியல் முறையை, அதை ஏற்கும் வட்டுகளில் நேரடிக் கட்டளைகளுக்கு அது பயன்படுத்துகிறது. அளவு பொருந்தாத கட்டளையை வட்டே கண்டுகொள்ள இது வழிசெய்தது.

2004ஆம் ஆண்டின் வடிகட்டி கட்டளை எதுவென்று பார்த்தது, 6.2 பதிப்பின் மாற்றம் அனுப்புபவரின் உரிமையையும் பார்த்தது. கட்டளையின் அளவும் நினைவக இடத்தின் அளவும் ஒத்துள்ளனவா என்ற மூன்றாவது சோதனையின் தேவையைப் பெங்களூருப் பொறியாளரின் அனுபவம் புலப்படுத்தியது.